கால்வாய்ல வர்ற தண்ணிக்குக் கணக்கு இருக்கு, ஆத்துல வர்ற தண்ணிக்கு?

ஐப்பசி மழை பிடிச்சா எங்க பக்கம் டீக்கடையில ஒரே பேச்சுதான்: "ஆந்திராக்காரன் திறந்து விட்டுட்டான்." செல்போன்ல வர்ற வீடியோவுக்கும் அதே தலைப்பு. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கிறதில்ல. இப்படிப் பேசிட்டு டீயைக் குடிச்சிட்டு எழுந்து போயிடறோம், கேட்க வேண்டியதைக் கேட்காமலே.

சென்னையில இருந்து படிக்கிறவங்களுக்கு முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். அம்மையார்குப்பத்துக்கு வடக்கே பள்ளிப்பட்டு. அதுக்கு மேல சித்தூர் மாவட்டத்துல, கார்வேட்டிநகரம் பக்கம், கிருஷ்ணாபுரம் அணை. எங்க ஆளுங்க அம்மபள்ளி அணைன்னும் சொல்லுவாங்க. அந்த ஆத்துக்குத் தெலுங்குல குசஸ்தலி, நம்ம பக்கம் வந்தா கொசஸ்தலை. அணை நிரம்பித் திறந்தா நெடியம், சாமந்தவாடா தரைப்பாலமெல்லாம் முழுகிடும். அந்தத் தண்ணியோட நகரி ஆத்துத் தண்ணியும் சேர்ந்து பூண்டி ஏரிக்கு வரும். பூண்டி நிரம்பினா உபரி நீர் எண்ணூர் வரைக்கும் போகும். 2021 நவம்பர்ல மணலி புதுநகர்ல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததே, அது இந்த ஆறுதான். உங்க வீட்டுக்கு வர்ற வெள்ளம் முதல்ல எங்க பக்கத்தைத் தாண்டித்தான் வருது.

இன்னொண்ணு, எல்லைக் கோட்டுக்கு வயசு ரொம்ப இல்ல. திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1-ல தான் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. ம.பொ.சி. நடத்துன வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் பெரியவங்களுக்குத் தெரியும். அதுவரைக்கும் நாங்களும் சித்தூர் மாவட்டம்தான். மேல ஆறும் கீழ ஊரும் ஒரே கலெக்டர் பார்வையில இருந்துச்சு. கோடு போட்டப்போ ஊரைப் பிரிச்சாங்க, பள்ளிக்கூடத்தைப் பிரிச்சாங்க. ஆத்தை எப்படிப் பிரிப்பாங்க? இன்னைக்கும் எங்க ஊர்ல பாதிப் பேருக்கு ரெண்டு மொழியும் வாயில வரும். பொண்ணு குடுத்தது, எடுத்தது எல்லாம் அந்தப் பக்கமும் உண்டு.

அணையைத் திறக்கிறது தப்பில்ல. சின்ன அணை. நிரம்பினதுக்கு மேல வர்ற தண்ணியை எங்க வைப்பாங்க? அந்த எஞ்சினியர் இடத்துல நான் இருந்தாலும் திறந்துதான் விடுவேன். அணை தாங்கலைன்னா என்ன ஆகும்னு 2021 நவம்பர் 19-ல பார்த்தோம். கடப்பா மாவட்டத்துல செய்யேறு ஆத்து மேல இருந்த அன்னமய்யா அணை உடைஞ்சு, கீழ இருந்த ஊருங்களை வாரிக்கிட்டுப் போச்சு. அதனால "திறக்காதே"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது. திறக்கப் போறதை எத்தனை மணி நேரம் முன்னாடி சொல்றே, யார்கிட்ட சொல்றே? என் கேள்வி அவ்வளவுதான்.

இப்போ தகவல் எப்படி வருதுன்னு பாருங்க. அணையில இருக்கிறவர் அவங்க மேலதிகாரிக்குச் சொல்லணும். அங்கிருந்து நம்ம மாவட்ட ஆபீசுக்கு, அப்புறம் தாசில்தாருக்கு, விஏஓவுக்கு, கடைசியா ஊர்ல அறிவிப்பு சொல்றவருக்கு. நடுவுல ஒருத்தர் போன் எடுக்கலைன்னா அரை மணி நேரம் போச்சு. தண்ணிக்கு இந்தப் படியெல்லாம் கிடையாது, நேரா வந்துடும்.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு ரெண்டு மணி நேரம்னா ஒரு சினிமா. ஆத்தங்கரை விவசாயிக்கு அந்த ரெண்டு மணி நேரத்துல மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டலாம், கன்னுக்குட்டியைத் தூக்கிக்கிட்டு வரலாம். நாலு மணி நேரம் கிடைச்சா மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் கழட்டி மேல ஏத்தலாம். சேறு புகுந்த மோட்டாருக்குக் காயில் கட்டுற செலவு கட்டினவனுக்குத்தான் தெரியும். யூரியா மூட்டை, பைப்பு எல்லாம் கரையேறிடும். அரை நாள் கிடைச்சா, வேர்க்கடலையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறவன் வாரிக்கிட்டு வந்துடுவான். ஒரு நாள் முழுசா கிடைச்சா, கதிர் முத்தியிருந்தா, நெல் அறுக்குற வண்டிக்குச் சொல்லியே பார்க்கலாம். அதையெல்லாம் விடுங்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போன பிள்ளைங்களை முதல்ல இந்தப் பக்கம் கூட்டிக்கிட்டு வந்துடலாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எங்ககிட்ட ஒரு விலை இருக்கு.

அப்புறம் அந்தக் கன அடிக் கணக்கு. "விநாடிக்கு 1,000 கன அடி திறப்பு"ன்னு செய்தி வரும். ஒரு கன அடின்னா 28 லிட்டர் சொச்சம். ஆயிரம்னா விநாடிக்கு 28,000 லிட்டர், ரெண்டு மூணு லாரித் தண்ணி. அதைக் கேட்டு ஒரு பாட்டியம்மா என்ன பண்ணும்? "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நெடியம் பாலத்துல போகாதீங்க"ன்னு சொன்னா அந்தம்மாவுக்குப் புரியும்.

ரெண்டு மாநிலமும் சேர்ந்து தண்ணியை அளக்கவே முடியாதான்னா, தினம் அளக்கிறாங்களே! 1983 ஏப்ரல் 18-ல எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வரா இருந்தப்போ தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டாங்க. சேதாரம் போக வருஷத்துக்கு 12 டி.எம்.சி. சென்னைக்கு. கண்டலேறுல திறக்கிற தண்ணி ஊத்துக்கோட்டை பக்கம் ஜீரோ பாயிண்ட்ல உள்ள நுழையும். அங்க எத்தனை கன அடி வந்துச்சுன்னு கணக்கு வைக்கிறாங்க, மறுநாள் பேப்பர்ல வருது. குறைஞ்சா நம்ம அதிகாரிங்க அங்க போய்ப் பேசறாங்க. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன்.

ஆனா பாருங்க, குடிக்கிற தண்ணி கால்வாய்ல வந்தா அதுக்கு ஒப்பந்தம், அளவுகோல், எல்லாம் உண்டு. அதே ஆந்திராவுல இருந்து அதே பூண்டிக்கு ஆத்து வழியா வெள்ளம் வந்தா ஒரு போன் கால். அதையும் அவங்க நல்ல மனசுக்கு விட்டுட்டோம். சென்னைக்கு வேணும்ங்கிற தண்ணிக்கு இருக்கிற மரியாதை, எங்களுக்கு வேணாம்ங்கிற தண்ணிக்கு இல்ல. ஊத்துக்கோட்டைக்காரங்க கதையும் இதேதான். அவங்களுக்கு மேல பிச்சாட்டூர் அணை, ஆரணி ஆறு.

நாடு விட்டு நாடே இதைப் பண்றாங்க. 1995-ல ரைன் ஆத்து வெள்ளத்துக்குப் பயந்து நெதர்லாந்துல 2,50,000 பேரை வீட்டை விட்டு வெளியேத்தினாங்க. அந்த ஆறு சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனியெல்லாம் தாண்டி வருது. 1998-ல எல்லா நாடும் உட்கார்ந்து ஒரு வெள்ளத் திட்டம் போட்டாங்க. அதுல முன்னறிவிப்பு நேரத்தை 2005-க்குள்ள ரெண்டு மடங்கு ஆக்கணும்னு எழுதி வச்சாங்க. "ஒத்துழைப்போம்"னு பொதுவா எழுதாம மணிக்கணக்குல எழுதினது எனக்குப் பிடிச்ச விஷயம். ஐரோப்பா வேணாம்னா நம்மளையே பாருங்க. 2025-ல சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வச்ச அப்புறமும், ஆகஸ்ட்ல தாவி ஆத்துல வெள்ளம் வருதுன்னு இந்தியா தூதரகம் வழியா பாகிஸ்தானுக்குச் சொல்லுச்சு. பாகிஸ்தானுக்கே சொல்லியிருக்கோம். பள்ளிப்பட்டுக்கு எழுத்துல ஒரு உறுதி குடுக்கிறதுல என்ன கஷ்டம்?

காகிதம் மட்டும் போதும்னு சொல்லல. 2024 ஆகஸ்ட்ல திரிபுராவுல இருந்து வங்கதேசத்துக்கு வெள்ளம் போனப்போ, நீர்மட்டத் தகவல் போய்க்கிட்டுதான் இருந்துச்சு. சாயங்காலம் கரண்ட் போய்த் தொடர்புல பிரச்சினை வந்துடுச்சுன்னு நம்ம வெளியுறவுத் துறையே சொன்னது. எங்க ஊர்லயும் அதே நிலைமைதான். நல்ல மழையில கரண்ட் போகும், கொஞ்ச நேரத்துல டவரும் போயிடும், வாட்ஸ்ஆப் குரூப் செத்துடும். அதனால பேட்டரியில ஓடற ஒரு மைக் செட்டு கோயில்லயோ பஞ்சாயத்து ஆபீஸ்லயோ இருக்கணும். தமிழ்லயும் தெலுங்குலயும் சொல்லணும்.

நம்ம வீட்டுக் குறையையும் சொல்லிடறேன். 2024 டிசம்பர் 2-ல சாத்தனூர் அணையில இருந்து 1,68,000 கன அடி வந்துச்சு. அணையும் தமிழ்நாடு, ஊரும் தமிழ்நாடு. பலமுறை எச்சரிச்சோம்னு அரசு சொல்லுச்சு, எங்களுக்கு வரலைன்னு தென்பெண்ணைக் கரை ஜனங்க சொன்னாங்க. ரெண்டுமே உண்மையா இருக்கலாம். எச்சரிக்கையை அனுப்பறது ஒண்ணு, அது போய்ச் சேர்றது வேற. எங்க தரைப்பாலங்களை மேம்பாலமாக்காதது எந்த ஆந்திராக்காரன்?

சட்டமும் இல்லாம இல்ல. 1956-ல நதி வாரியச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, இதுவரைக்கும் அதுல ஒரு வாரியம்கூட அமைக்கல. 2021-ல அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்குள்ள வர்ற பழைய அணைங்க ஒவ்வொண்ணுக்கும் அவசரகாலத் திட்டம் எழுதணும், அதுல கீழ இருக்கிறவங்களுக்கு எப்படி எச்சரிக்கை போகும்னு இருக்கணும். சட்டம் நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30-ல இருந்து அஞ்சு வருஷம் கெடு. எல்லைக்கு அந்தப் பக்கம் எழுதற திட்டத்துல இந்தப் பக்கத்து ஊர்ப் பேரும் விஏஓ போன் நம்பரும் இருக்கணும்னு இப்பவே கேட்கணும். கேட்க வேண்டியது நம்ம அரசு. கேட்க வைக்க வேண்டியது நாமதான்.

பத்திரிகையிலயும் அரசு ஆபீஸ்லயும் வேலை பார்க்கிறவங்க இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும். அடுத்த தடவை பூண்டி திறப்புச் செய்தி எழுதும்போது, கிருஷ்ணாபுரத்துல எத்தனை மணிக்குத் திறந்தாங்க, பள்ளிப்பட்டுக்கு எத்தனை மணிக்குத் தகவல் வந்துச்சுன்னு ரெண்டு நேரத்தையும் கேட்டுப் போடுங்க.