பில் யார் பேரில்?

வக்கீல் இல்லாமலே வழக்கு நடத்தலாம் என்கிறது சட்டம். ஆண் இல்லாமல் நடத்தலாமா என்பதுதான் என் கேள்வி.

உசிலம்பட்டிப் பக்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். தையல் கூலியில் சீட்டுக் கட்டி, மதுரையில் ஒரு கடையில் மோட்டார் வைத்த மிஷின் வாங்கினேன். இரண்டே மாதத்தில் மோட்டார் நின்றது. ஏழு முறை பஸ் ஏறினேன். ஏழாவது முறை கடைக்காரர் சொன்னார்: "பில் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கேம்மா. அவரை வரச் சொல்லுங்க."

வாங்கிய அன்று போன் நம்பர் கேட்டார்கள். வீட்டில் இருந்த ஒரே போன் அவருடையது. நம்பரோடு பெயரும் அவருடையதாகிவிட்டது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எளியவர்களை நினைத்து எழுதியதுதான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. நாமே எழுதி, நாமே பேசலாம். கடை எங்கிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு. தொழிலுக்கு வாங்கிய மிஷின்தானே என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோரே.

வக்கீல் வேண்டுமா? 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவசம், வருமானம் எவ்வளவானாலும். ஆக, நமக்கு வக்கீல் பிரச்சினையில்லை. காகிதம்தான் பிரச்சினை.

நுகர்வோர் யார்? காசு கொடுத்து வாங்கியவர். அல்லது அவருடைய ஒப்புதலோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவர். இதுதான் சட்டம் தரும் விளக்கம். பில்லைப் பார்த்தால் வாங்கியவர் என் கணவர். நான் அவர் ஒப்புதலோடு பயன்படுத்துபவள். காசு என்னுடையது, உழைப்பு என்னுடையது, ஒப்புதல் மட்டும் அவருடையது!

"அந்த வரி உங்களுக்கு உதவத்தானே?" என்பார்கள். உதவியது. அதை வைத்துத்தான் நானும் புகார் எழுதினேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அடி பொறுக்காமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட பெண், யாரிடம் போய் ஒப்புதல் கேட்பாள்? காசு கொடுத்தது தான்தான் என்பதை எந்தத் துண்டுச் சீட்டைக் காட்டி நிரூபிப்பாள்? இணையத்தில் புகார் பதியலாம் என்கிறார்கள். ஓடிபி யார் போனுக்குப் போகும்?

2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணைக் குடும்பத் தலைவியாக எழுதச் சொன்னது. அரிசிக்கு நாம் தலைவி. மிஷினுக்கு?

காசு கொடுப்பவரின் பெயரைக் கேட்டு பில் எழுத வேண்டும் என்று கடைகளுக்கு அரசு உத்தரவு போடட்டும். அதுவரை அக்கா, தங்கச்சிகளே, பில் அடிக்கும்போது தள்ளி நிற்காதீர்கள். "என் பேரைப் போடுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுங்கள்.