சிறு சாவியும் காற்றுத் துப்பாக்கியும்

துப்பாக்கி என்ற சொல்லை எழுதும்போது எனது தலைமுறையைச் சேர்ந்த எந்த ஈழத்துப் பத்திரிகையாளனின் பேனாவும் ஒரு கணம் தயங்கவே செய்யும். ஆதலால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கு பேசப்படுவது, விளையாட்டுக் கழகங்களில் 10 மீற்றர் தூரத்தில் வைக்கப்பட்ட இலக்கை நோக்கி 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டைச் செலுத்தும் காற்றுத் துப்பாக்கி. அதிலும் எனது அக்கறை அதன் திருகாணிகளைத் திருப்பும் சிறு அறுகோணச் சாவிகளோடு மட்டுமே.

1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காற்றுத் துப்பாக்கிப் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இப்போட்டியில் பங்குபற்றியதை வாசகர்கள் அறிந்திருப்பர். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளிலும் இவ்விளையாட்டில் இறங்கிய பிள்ளைகள் சிலர் உண்டு. நீள்துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய மையப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றர்தான். அந்தப் பொட்டைத் தேடும் கருவியின் கன்னத்தாங்கி, விசை, பார்வைக்குறி எல்லாம் சிறு திருகாணிகளால் இருத்தப்பட்டுள்ளன. துப்பாக்கிக்குப் பெருந்தொகை செலவிடும் தகப்பன்மார், அத்திருகாணிகளைத் தொடும் சாவிக்கு மாத்திரம் இரும்புக் கடையின் ஆகக் கீழ்த்தட்டைத் தேடுவது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இச்சாவியின் பிறப்பே மனித உயிரோடு தொடர்புடையது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளில் சுழலும் தண்டுகளின் மீது சதுரத் தலைத் திருகாணிகள் துருத்திக்கொண்டு நிற்கும். தொழிலாளியின் சட்டைக் கை அதில் சிக்கினால் கை போகும், சில வேளை உயிரும் போகும். அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரைச் சேர்ந்த வில்லியம் அலன், தலையே இல்லாது உள்ளே அறுகோணக் குழி கொண்ட திருகாணியைச் செய்யும் முறைக்கு 1910 இல் காப்புரிமை பெற்றார். அதனாலேயே நாம் அலன் கீ என்கிறோம். ஜேர்மனியில் உள்ளவர்கள் கடையில் இன்பஸ் என்று கேட்க வேண்டும். அது அந்நாட்டின் பாவர், ஷவுர்ட்டே என்ற நிறுவனத்தாரின் பெயரெழுத்துகளிலிருந்து வந்த சொல். நோர்வேயில் உன்பிராக்கோ, இத்தாலியில் புருகோலா. ஒரே சாவிக்கு நம்மவர் நாட்டுக்கொரு பெயர் பழகியிருக்கிறார்கள்.

பெயர் மாறினால் பாதகமில்லை. அளவு மாறுவதுதான் கேடு. அமெரிக்காவில் உருவான துப்பாக்கிகளில் பெரும்பாலும் அங்குலப் பின்னங்களையும், ஜேர்மனி, ஒஸ்திரியா முதலிய நாடுகளினவற்றில் மில்லிமீற்றரையும் காண்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 1/16 அங்குலம் என்பது 1.588 மில்லிமீற்றர். அந்தக் குழிக்குள் 1.5 மில்லிமீற்றர் சாவி தாராளமாக இறங்கும், திரும்புவது போலவும் இருக்கும். இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்பு. ஆனால் சாவியின் ஆறு முனைகளும் குழியின் சுவர்களைச் சுரண்டி வட்டமாக்க அவ்வளவே போதும். 3/32 அங்குலம் 2.381 மில்லிமீற்றர், அதனை 2.5 மில்லிமீற்றர்க் குழியில் இட்டால் நிலைமை இன்னும் மோசம். 5/64 அங்குலம் மட்டும் 1.984 மில்லிமீற்றராக, இரண்டு மில்லிமீற்றருக்கு மிக அண்மையில் நிற்கிறது. 5/32 உம் 4 மில்லிமீற்றரும் அவ்வாறே. இந்த இரண்டு ஒற்றுமைகளைக் கண்டு, மற்றவையும் சமாளிக்கும் என்று நம்புவோரே அதிகம் ஏமாறுகின்றனர். எமது நாடு 1970களில் மெற்றிக் முறைக்கு மாறியது. ஆனாலும் நாம் இன்றும் அரை அங்குலக் குழாய் என்றுதான் கேட்கிறோம். இரு அளவுகளோடும் ஒருசேர வாழப் பழகியதால்தானோ என்னவோ, ஏறக்குறைய என்ற சொல் நமக்கு உறுத்துவதில்லை.

ரொறன்ரோவில் வசிக்கும் எனது பழைய சக ஊழியர் ஒருவரின் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பையனிடம் இருந்தது அமெரிக்கத் தயாரிப்பு. விசையின் இழுவை கடினமாக இருந்ததால், தகப்பனார் மலிவாகக் கிடைத்த மில்லிமீற்றர்ச் சாவிக் கட்டைக் கொண்டு அதன் திருகாணியைத் திருப்பினார். பாதி வழியில் குழி வட்டமாகிவிட்டது. அதன்பின் திருகாணி முன்னும் போகாது, பின்னும் வராது. விசையோ இறகு பட்டாற்கூட விடுபடும் நிலையில் நின்றது. கழகப் பயிற்றுநர் அத்துப்பாக்கியைச் சுடுவரிசைக்குக் கொண்டுவரவே விடவில்லை. அவர் செய்தது முற்றிலும் சரி. பக்கத்தில் வேறு பிள்ளைகள் நிற்கும் இடத்தில், எப்போது விடுபடும் என்று தெரியாத விசைக்கு இடமில்லை. பழுதுபார்ப்பவர் திருகாணியைத் துளையிட்டு எடுத்ததற்கு வாங்கிய கூலியில் நல்ல சாவிகள் இரண்டு கட்டு வாங்கியிருக்கலாம். பையன் அந்தப் பருவத்தின் போட்டிகளை இழந்தான்.

எனவே எதை வாங்குவது? முப்பது சாவிகள் அடங்கிய பெட்டி வேண்டாம் என்பேன். அதில் முக்கால்வாசி உங்கள் கையில் ஒருபோதும் ஏறாது. தேவையான நான்கைந்தும் மென்மையான உருக்கினால் ஆனவையாக இருக்கும். துப்பாக்கி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பார்த்து, கையேட்டில் உள்ள அளவுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். மில்லிமீற்றராயின் 1.5, 2, 2.5, 3, 4 ஆகிய ஐந்தும் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். அங்குலமாயின் 1/16, 5/64, 3/32, 1/8. இரு வகையும் வைத்திருப்போர் அவற்றை ஒரே பையில் இடவே கூடாது. அமெரிக்காவின் பொண்டஸ், ஜேர்மனியின் வீகா, வேரா போன்ற பெயர்கள் விலை கூடியவைதான். ஆனால் அவற்றின் முனை கூர்மையாகவும் அளவு சரியாகவும் இருக்கும். குரோம் வனேடியம் அல்லது எஸ் 2 என்ற உருக்கு வகை பொறிக்கப்பட்டிருந்தால் மட்டும் தரம் உறுதியாகிவிடாது. முனையை வெளிச்சத்தில் பிடித்து, ஆறு மூலைகளும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதே மேல்.

பேனாக்கத்திபோல் மடித்து வைக்கும் சாவிக் கட்டுகளை நான் விரும்புவதில்லை. அவற்றின் தடித்த உடல் துப்பாக்கியின் ஒடுங்கிய இடங்களில் நுழையாது. சரிவாகப் பிடிக்க நேரும், சரிந்த சாவி குழியைக் கெடுக்கும். உருண்டை முனைச் சாவி சாய்வாகவும் திருப்ப வல்லது, வசதியானது. ஆனால் இறுகிய திருகாணியை இளக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். சிறிய அளவுகளில் அதன் கழுத்து மிக மெல்லியது. முறிந்த உருண்டை குழிக்குள் தங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. தொலைநோக்கித் தாங்கிகள் பலவற்றில் நட்சத்திர வடிவக் குழி இருக்கும். அது டொர்க்ஸ் எனப்படும் வேறு வகை. அதற்குள் அறுகோணச் சாவியைத் திணிப்போரையும் கண்டிருக்கிறேன்.

சாவியை எடுக்குமுன் குழலில் குண்டு இல்லை என்பதையும், சுருள்வில் இழுபட்ட நிலையில் இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். காற்று உருளை கொண்டவற்றில் அழுத்தம் 200 பார் அளவில் இருக்கலாம். காரின் ரயரில் உள்ளதைப் போல் நூறு மடங்கு. அதனைக் கையேடு கூறும் முறையில் வெளியேற்றாது உருளையைச் சார்ந்த எந்தத் திருகாணியையும் தொடக்கூடாது. சுருள்வில் துப்பாக்கியின் உட்பகுதியைத் திறப்பது தனிக் கருவி வைத்திருப்பவரின் வேலை. விசையில் கையேடு அனுமதிக்கும் திருகாணிகளை மாத்திரம் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்.

குழியில் சேர்ந்த அழுக்கை ஊசியால் கிளறி எடுத்த பின்பே சாவியை அடிவரை இறக்க வேண்டும். இளக்கும்போது குட்டைக் கையைக் குழியில் இட்டு நீண்ட கையைப் பிடியுங்கள், இறுக்கும்போது மாறாகச் செய்யுங்கள். அப்போது கை தானாகவே அளவோடு இறுக்கும். ஒட்டுப்பசையிட்ட திருகாணி அசையாவிட்டால், பற்றவைக்கும் சூட்டுக்கோலின் நுனியை அதன்மீது சிறிது நேரம் வைத்தால் பசை இளகும். முனை தேய்ந்த சாவியை எறிய வேண்டியதில்லை. சாணைக்கல்லில், இடையிடையே தண்ணீரில் தோய்த்து, நுனியில் ஒரு மில்லிமீற்றரைத் தட்டையாகத் தேய்த்தெடுத்தால் புதிய மூலைகள் கிடைக்கும். தண்ணீரில் தோய்க்காமல் தேய்த்தால் உருக்கு சூடேறி நீலம்பாரித்துவிடும். அப்படி நிறம் மாறிய சாவியை மறுபடி துப்பாக்கியருகே கொண்டுபோக வேண்டாம்.