கட்டுச் சோறு எத்தனை வேளைக்கு?

சென்ற மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு புதுமனை புகுவிழா. நெருங்கிய உறவு; போகாவிட்டால் பொல்லாப்பு. அத்தையையும் அழைத்துக்கொண்டு, சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாக ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினேன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, அத்தை ஒரு பெரிய தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன அத்தை இது?"

"மிளகாய்ப்பொடி தடவின இட்லி. ரயிலில் போகிறவர்கள் கட்டுச் சோறு இல்லாமல் கிளம்பலாமோ?"

"நாம் போகிற தூரம் 48 கிலோமீட்டர்தானே! ஒன்றரை மணியில் இறங்கி விடுவோம். அங்கே வடை பாயசத்தோடு இலை காத்திருக்கிறது."

"இறங்கினால் சரி. இறங்காமல் இந்தத் தண்டவாளத்தோடேயே போய்க்கொண்டிருந்தால்? எங்கே கொண்டு போய் விடும் இது?"

எங்கள் எதிரில் நான்கு வாலிபர்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து உட்கார்ந்தார்கள். சுருட்டிய பாய், பிளாஸ்டிக் வாளி, தூக்கம் இல்லாத கண்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அத்தையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

பிரயாணத் தூரத்தை அத்தை கிலோமீட்டரில் அளப்பதில்லை. அவளுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. தயிர் சாதம் ஒரு வேளை தாங்கும். எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி ஒரு பகலும் ஓர் இரவும் தாங்கும். புளியோதரை இரண்டு நாள். அதற்கும் மேலே என்றால் சமைத்தது எதுவும் உதவாது. அவல், பொரி, வெல்லம்தான். ஆகவே உலகத்தில் உள்ள ரயில் பாதைகள் எல்லாம் தயிர்சாதத் தூரம், இட்லித் தூரம், புளியோதரைத் தூரம், அவல் தூரம் என்று நான்கே வகை!

இந்தக் கணக்கையெல்லாம் தோற்கடிக்கும் பாதை ஒன்று ருஷ்யாவில் இருக்கிறது. மாஸ்கோவில் ஏறினால் பசிபிக் கடலோரம் உள்ள விளாதிவஸ்தோக்கில் இறங்க வேண்டும். 9,289 கிலோமீட்டர், ஏறக்குறைய ஏழு நாள். 1891ல் கட்டத் தொடங்கி, ஆமூர் நதிக்குப் பாலம் போட்டு 1916ல்தான் முழுமையாக முடித்தார்கள். யூரல் மலையைத் தாண்டினால் புல்வெளி, பிறகு நாள் கணக்கில் காடு. அப்புறம் பைக்கால் ஏரி. உலகத்திலேயே ஆழமான ஏரி அதுதான். ஆழம் 1,642 மீட்டர். ஏரியைச் சுற்றிப் பாதை போட்டு முடிக்கும் வரையில், ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். 1904ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், ஜப்பானோடு யுத்தம் மூண்ட அவசரத்தில், உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டு, குதிரைகளைப் பூட்டிப் பெட்டிகளை இழுத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

இன்று அந்த ரயிலில் பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் கொப்பரை இருக்கிறது. பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். வெந்நீர் இருந்தால் தேநீர் உண்டு. தேநீர் இருந்தால் பாதிப் பிரயாணம் சுகம்.

"நம்ம பக்கத்திலும் வெந்நீர் வைத்தால் என்னவாம்?" என்றாள் அத்தை. நியாயமான கேள்வி.

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து பெர்த்துக்குப் போகும் பாதை 4,352 கிலோமீட்டர். அதில் நல்லர்பார் என்று ஒரு வெட்டவெளி வருகிறது. மரமே இல்லாத இடம் என்றுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். அங்கே 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை. அப்படிப்பட்ட பொட்டலிலும் குடும்பங்கள் இருந்தன. தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளிகளும் அவர்களுடைய மனைவி மக்களும் அங்கங்கே சிறு முகாம்களில் வசித்தார்கள். கடை ஏது, சந்தை ஏது? அவர்களுக்காக வாரம் ஒரு ரயில் வரும். 'டீ அண்டு ஷுகர்' என்று அதற்குச் செல்லப் பெயர். மளிகைக் கடை, இறைச்சிக் கடை, குடிதண்ணீர், சம்பளப் பணம் எல்லாம் அதில் வந்து சேரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்குப் பரிசோடு தாத்தாவும் வருவார். 1996ல் அந்த ரயில் நின்று போயிற்று. தேயிலைக்கும் சர்க்கரைக்கும் ரயிலை எதிர்பார்த்து வாசலில் நின்ற அந்தப் பெண்களை நினைத்தால், தெருக்கோடியில் கடை இருந்தும் அலுத்துக்கொள்கிற நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

திபெத்தில் லாசாவுக்குப் போகும் ரயிலில் இன்னொரு அதிசயம். தங்குலா கணவாயில் பாதை 5,072 மீட்டர் உயரத்தில் போகிறது. மூச்சு முட்டாமல் இருக்கப் பெட்டிக்குள் பிராணவாயு கொடுக்கிறார்கள். அந்தப் பாதை திறந்தது 2006 ஜூலை 1ஆம் தேதி. அதற்குச் சரியாக 150 வருஷம் முன்னால், 1856 ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் பாதை அது. அது போன வழியில்தான் நம் திருவள்ளூர் இருக்கிறது. அதற்கும் முன்னாலேயே, 1837ல், செங்குன்றத்துப் பக்கமிருந்து கல் ஏற்றிச் செல்ல ஒரு சின்ன இருப்புப் பாதை போட்டிருக்கிறார்கள். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு ரயில் புதிதே அல்ல.

இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியா முழுமைக்கும் பொது நேரம் ஏற்படுவதற்கு முன்னால், ரயில்கள் ஓடியது சென்னை நேரத்தில். பம்பாய்க்காரரும் கல்கத்தாக்காரரும் ஊர்க் கடிகாரம் ஒன்று காட்ட, ஸ்டேஷன் கடிகாரம் வேறொன்று காட்டத் திண்டாடியிருக்கிறார்கள். 1906ல் பொது நேரம் வந்தது. ஆனால் சூரியன் நம் சட்டத்துக்குக் கட்டுப்படுமா? அசாமில் உள்ள திப்ருகருக்கும் கன்னியாகுமரிக்கும் சூரியக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்.

அந்த இரண்டு ஊர்களையும் இணைப்பதுதான் இந்தியாவில் மிக நீண்ட தூரம் ஓடும் ரயில். விவேக் எக்ஸ்பிரஸ் என்று பெயர், 2011ல் தொடங்கியது. சுமார் 4,200 கிலோமீட்டர், ஒன்பது மாநிலங்கள், மூன்று பகல் மூன்று இரவுக்கு மேல் ஆகிறது. தேயிலைத் தோட்டத்தில் புறப்பட்டு முக்கடல் கூடும் இடத்தில் வந்து நிற்கிறது. ஆனால் நம்மைப் பார்க்காமலே போய்விடுகிறது! வடக்கேயிருந்து கூடூர் வரை வந்தவுடன், மேற்கே திரும்பி ரேணிகுண்டா, காட்பாடி, சேலம், கேரளம் என்று சுற்றிக்கொள்கிறது.

"போகட்டும். நம் ரயில் எங்கே போகிறது, அதைச் சொல்லு" என்றாள் அத்தை.

அதற்குள் எண்ணூர் தாண்டி, உப்பங்கழி வந்து, வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தெரிய ஆரம்பித்துவிட்டன. இதே தண்டவாளத்தோடு போனால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரி. நெல்லூரில் பெண்ணை, விஜயவாடாவில் கிருஷ்ணை. ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்கவே சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் நீளப் பாலம். அப்புறம் ஒரு பக்கம் மலைத்தொடர், ஒடிசாவில் ரயிலோடு கூடவே வரும் சிலிகா ஏரி, கட்டாக்கில் மகாநதி, பிறகு குளமும் வாழையுமாக வங்காளம். ஹௌராவரை சுமார் 1,660 கிலோமீட்டர். 1977ல் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் போவது இந்த வழிதான். அத்தையின் கணக்கில் இது இட்லித் தூரத்துக்கும் புளியோதரைத் தூரத்துக்கும் நடுவில்.

எதிரே இருந்த வாலிபர்களில் ஒருவன் எங்கள் பேச்சைக் கவனித்துக்கொண்டே இருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் இரண்டு வருஷமாக வேலையாம். தமிழ் நன்றாகவே வருகிறது. அசாமில் வீடு. லீவுக்குப் போய்த் திரும்புகிறார்கள். சென்ட்ரலில் இறங்கி, வந்த வழியிலேயே இந்த ரயிலில் திரும்பிப் போகிறார்கள். தூர ரயில் கும்மிடிப்பூண்டியில் நிற்பதில்லையே!

"எத்தனை நாள் பிரயாணம், தம்பி?" என்று கேட்டாள் அத்தை.

"வீட்டிலிருந்து கிளம்பி மூன்று ராத்திரி, அம்மா. ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. ஜெனரல் பெட்டி. ஒரு ராத்திரி நின்றுகொண்டே வந்தோம்."

"சாப்பாடு?"

அவன் மூட்டையை அவிழ்த்துக் காட்டினான். பொரி, அவல், வெல்லம்! அத்தைக்குக் கண் விரிந்தது. "பார்த்தாயா? அவன் அம்மாவுக்கும் என் கணக்குத் தெரிந்திருக்கிறது!" என்றாள் என்னிடம்.

எனக்கோ வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. ரிசர்வேஷன் பெட்டியில் போகிறவர்களின் பெயர் பட்டியலில் இருக்கும். ஜெனரல் பெட்டியில் போகிறவர்களுக்குப் பட்டியல் கிடையாது. 2023 ஜூன் 2ஆம் தேதி சாயங்காலம், ஒடிசாவில் பாலசோர் பக்கத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் கிளைப்பாதைக்குள் திரும்பி, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் இணைப்பு வேலையில் நேர்ந்த பிழையே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பிழைப்புத் தேடித் தெற்கே வந்துகொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர் அந்த ரயிலில். இறந்தவர்களில் பலர் யார் என்று தெரியவில்லை. மாதக் கணக்கில் காத்திருந்தும் உரிமை கோர ஆள் வராத 28 உடல்களை அந்த வருஷம் அக்டோபரில் புவனேசுவரத்தில் தகனம் செய்தார்கள். பெற்றவர்களும் பிள்ளைகளும் இல்லாத அந்தச் சிதைகளுக்குத் தாமாக முன்வந்து தீ மூட்டியவர்கள் பெண்கள்.

மறு வருஷம், 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு, தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் இதே போல் கிளைப்பாதையில் நுழைந்து சரக்கு ரயிலில் மோதியது. எங்கே தெரியுமா? நம் கவரைப்பேட்டையில்! தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

நாம் குடியிருக்கும் வீடுகளின் கம்பியில், நடக்கும் பாலங்களின் தூணில், இப்படி மூன்று ராத்திரி பிரயாணம் செய்து வந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. புதுமனைக்குப் பாயசம் சாப்பிடப் போகிற எனக்கு அது அன்றுவரை உறைக்கவில்லை. நீண்ட பாதைகளைப் பற்றிப் படிக்கும்போது நாம் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையையும் ஆற்றையும்தான் பார்க்கிறோம். பெட்டிக்குள் இருப்பவர்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் பெயரும் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும், உட்கார ஓர் இடமும் வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையா, சொல்லுங்கள்!

இதையெல்லாம் நான் அத்தையிடம் சொல்லவில்லை. கவரைப்பேட்டை தாண்டிக்கொண்டிருந்தது. அவள் தூக்கைத் திறந்து, வாழையிலைத் துண்டில் நான்கு நான்கு இட்லியாக வைத்து, வாலிபர்களிடம் நீட்டினாள். பதிலுக்கு ஒரு கைப்பிடி பொரியும் ஒரு துண்டு வெல்லமும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். அத்தைக்கு வாயில் நுழையவில்லை. மறுபடியும் சொன்னான். தப்பாகச் சொன்னாள்; அவன் சிரித்தான். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கும் வரையில் அவள் விடவில்லை. நான்கு பேருடைய பெயரையும் சரியாகச் சொல்லிப் பழகிக்கொண்ட பிறகுதான் காலித் தூக்கை என் கையில் கொடுத்தாள்.