தழும்பு சிறிது, பாரம் பெரிது

இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் வலிக்கு, முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த 'டிஸ்க்' பிதுங்குவதே காரணமாகலாமென்று பாஸ்டன் வைத்தியர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் எடுத்துக்காட்டினர். 1977-இல் யாசர்கிலும் காஸ்பரும் மைக்ராஸ்கோப் வழியே செய்யும் சிகிச்சையைப் பிரசுரித்தனர். கீறல் சிறுத்தது, எலும்பும் தசையும் பெரும்பாலும் தப்பின, இடுப்பின் உறுதியும் நிலைத்தது.

மகிழ்ச்சியே! ஆயினும், தழும்பு சிறிதானதால் உள்ளே யாவும் பழையபடி ஆயிற்றென்று நேயர்கள் எண்ணலாகாது. டிஸ்க்கின் நடுவிலுள்ள கூழை மிகுதியாக எடுத்தால் டிஸ்க் தாழ்ந்து, பாரம் பின்புற மூட்டுகளின்மேல் சாய்கிறது. குறைவாக எடுத்தாலோ, மிஞ்சியது மறுபடி பிதுங்கக்கூடும். அந்தத் தராசைப் பிடிப்பது வைத்தியரின் பொறுப்பு. தண்ணீர்க் குடத்தை முதுகை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கித் தூக்குவது நம்முடைய பொறுப்பு.