நட்டது போதும், போய்ப் பாருங்கள்

ஜூலை வந்தால் அந்தமானில் கன்று நடும் காலம். வன மகோத்சவம் முடிந்த கையோடு 26-ஆம் தேதி உலக அலையாத்தி நாள். பேனர், தொப்பி, பிஸ்கட் பாக்கெட், கடைசியில் ஒரு குழுப்படம். பள்ளி ஆசிரியனாக இருந்த காலத்தில் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளை இப்படிப் பல வேலைகளுக்கு அழைத்துப் போனவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சிப்பிகாட்டுக்கு இந்த விழா வேண்டாம், பிள்ளைகள் வேண்டும்.

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிறவர்கள் சிப்பிகாட்டைப் பார்த்திருப்பார்கள். 2004 டிசம்பர் 26 வரை அங்கே நெல் விளைந்தது. அன்றைய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வடிந்தது, வயலுக்குள் வந்த கடல் வடியவில்லை. ஏற்கெனவே இருந்த கண்டல் (அலையாத்தி) மரங்களும் ஓயாமல் நீரில் நின்று பல இடங்களில் பட்டுப்போயின. வடக்கே மாயாபந்தர், திக்லிப்பூர் பக்கம் நிலம் மேலெழுந்ததால் அங்கே கண்டல் காய்ந்து செத்தது. ஒரே நாளில், ஒரே தீவுக்கூட்டத்தில், நேரெதிரான இரண்டு சாவுகள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். சிப்பிகாட்டில் யாரும் நடாமலேயே பழைய வரப்போரங்களில் கண்டல் முளைத்தது. கண்டல் வகையான சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும். விழுந்தால் நீரில் மிதந்துபோய், தோதான சேறு கிடைத்த இடத்தில் வேர்விடும். நீர் ஏறி வற்றும் வழி திறந்திருந்தால் போதும். தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, நீர் தேங்கி, உப்பேறிக் கிடந்தன. 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்ட பிறகே அங்கே நட்டதும் பிழைத்தது.

ஆகவே பிள்ளைகளுக்கான முதல் வேலை மண்வெட்டியோடு இல்லை, கண்ணோடு. எந்த மதகு அடைத்திருக்கிறது, வற்றத்தின்போது எங்கே நீர் தேங்குகிறது என்று மாதாமாதம் குறித்து வைக்க வேண்டும். அடுத்தது குப்பை. கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு பாலித்தீன் பை சுற்றிக்கொண்டால், வற்றத்திலும் அந்த வேருக்குக் காற்று கிடைக்காது. இழுத்தால் வேர் ஒடியும். குனிந்து, கத்தரியால் வெட்டி, சிறிது சிறிதாக உருவ வேண்டும். முழங்கால் வரை சேறு. இதற்குக் குழுப்படம் எடுக்க யாரும் வருவதில்லை.

வெறும் சேறு கிடக்கிறதே என்று அங்கெல்லாம் நட்டுத்தள்ளவும் கூடாது. கரைப்பறவைகள் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். அந்தமானுக்கே உரிய கிளுவை வாத்தும் சிப்பிகாட்டுக்கு வருகிறது. இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்: அந்த நீருக்கடியில் கிடப்பது ஒரு விவசாயியின் வயல். பறவை வந்த மகிழ்ச்சியில் அவரை மறந்துவிட்டுப் பேசும் சூழலியல் எனக்கு ஒப்பாது.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டும். மூட்டையாகக் கிடக்கும் அந்த நேரத்தைப் பேரணிக்கும் உறுதிமொழிக்கும் விழாவுக்குமாகச் சில்லறையாக்கிச் செலவழிக்கிறோம். கல்லூரி முதல்வர்களுக்கும் வனத்துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான்: ஓத அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள். சிப்பிகாட்டில் ஒரு துண்டு நிலத்தை ஒரே குழுவிடம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்படையுங்கள். எத்தனை கன்று நட்டார்கள் என்று கேட்காதீர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று எண்ணி, அந்தக் கணக்குக்குச் சான்றிதழ் கொடுங்கள்.