வேதியியல் துறை வாயிலில் ஒரு பலகை

எம் கல்லூரியில் தமிழ்த்துறைக்கும் வேதியியல் துறைக்கும் இடையே ஒரு படிக்கட்டுத்தான் உள்ளது. நாள்தோறும் அதில் ஏறி இறங்கும் நாம், வேதியியல் துறை வாயிலில் தொங்கும் அறிவிப்புப் பலகையைப் பல்லாண்டுகள் ஏறிட்டும் பார்த்ததில்லை. அங்குள்ளவை நமக்குரியன அல்ல என்ற எண்ணமே காரணம். அவ்வெண்ணம் பிழையென்று எமக்கு உணர்த்தியவள் இரண்டாமாண்டு வேதியியல் மாணவி ஒருத்தி.

பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் மொழிபெயர்ப்புப் பயிற்சி உண்டு. பாடநூலில் உள்ள பழகிய பத்தியைக் கொடுப்பதற்கு மாறாக, கண்ணில் படும் ஆங்கில அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கி வருக எனச் சென்ற ஆண்டு பணித்தோம். பலர் மருந்துப் பெட்டியையும் வங்கிப் படிவத்தையும் தமிழாக்கி வந்தனர். அம்மாணவி தன் துறைப் பலகையில் இருந்த அறிவிப்பை எழுதி வந்தாள். தலைப்பு: 'கோடைக்கால ஆராய்ச்சித் தோழமை'. 'ஃபெல்லோஷிப்' என்பதை அவள் அவ்வாறு கண்டதை எண்ணி முதலில் நகைத்தோம். அடுத்த வரி நகைப்பை நிறுத்தியது. தேர்வு பெற்றவர்கள் மாதந்தோறும் உதவித் தொகை 'செலுத்த வேண்டும்' என்று எழுதியிருந்தாள்! சிவப்பு மையால் திருத்தி, "உனக்குத் தருவார்கள் அம்மா, நீ தர வேண்டியதில்லை" என்றோம். அவள் முகம் மாறியது. "நான் கட்டணும்னு நினைச்சு விட்டுட்டேன் ஐயா" என்றாள். விண்ணப்பத்தின் இறுதி நாள் கடந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன.

அவள் தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் டிரம் அருகே நின்று உழைப்பவர். வகுப்பில் நல்ல மதிப்பெண் பெறுபவள். ஆங்கிலத்தில் தேர்வும் எழுதுகிறாள். அவள் அறியாதது வேதியியலன்று. அறிவிப்புகளுக்கென்றே அமைந்த ஒருவகை ஆங்கிலத்தைத்தான்.

அவ்வறிவிப்பு எத்தகையது என்பதைப் பெற்றோரும் பெரியோரும் அறிதல் நன்று. பெங்களூரு, புது தில்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாதெமிகள் இணைந்து ஆண்டுதோறும் நடத்தும் திட்டம் இது. தேர்வாகும் மாணவர் கோடை விடுமுறையில் இரண்டு மாதங்கள் ஒரு தேர்ந்த அறிவியலாளரின் ஆய்வுக்கூடத்தில் பணி பயிலலாம். உதவித் தொகையும் உண்டு. ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். சிற்றூர்க் கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வும் தரம்பார்த்தலும் மட்டுமே செய்து பழகிய ஒரு பிள்ளை, நாம் பெயரளவில் கேள்வியுற்ற கருவிகளைத் தன் கையால் இயக்கிப் பார்க்கும் வாய்ப்பு இது. அங்குப் பணியாற்றியதற்கு அவ்வறிஞர் எழுதித் தரும் ஒரு கடிதம் பின்னர் எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பதை வேதியியல் ஆசிரியர்கள் நன்கறிவர்.

அதே பலகையில் 'ஜாம்' தேர்வு பற்றிய தாளும் இருந்தது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர 2004 முதல் நடைபெற்றுவரும் பொதுத் தேர்வு அது. வழக்கமாகப் பிப்ரவரியில் நடைபெறும். விண்ணப்பமோ அதற்குப் பல மாதங்கள் முன்னதாக, செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். பொறியியல் படித்தவர்க்கே ஐ.ஐ.டி. என்று எண்ணும் பெற்றோர், பி.எஸ்ஸி. படித்த பிள்ளைக்கும் அவ்வாயில் உண்டென்பதை அறிந்திலர். அடுத்து 'நெட்' தேர்வு. அதில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெறுவோர்க்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. முனைவர் பட்டம் வரை படிக்க வைக்கப் பணமில்லை என்று சொல்லும் தந்தை, படிப்பதற்கே ஊதியம் போல் ஒரு தொகை உண்டென்பதைக் கேட்டால் என்ன சொல்வார்?

இங்கே இடையில் ஒரு செய்தி. நம் மாணவர் கையிலுள்ள சாதிச் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்' என்றிருக்கும். மாநிலக் கல்லூரிச் சேர்க்கைக்கு அது போதும். மைய அரசுத் தேர்வுகளுக்கோ, ஓ.பி.சி. 'நான் கிரீமி லேயர்' சான்றிதழை அவர்கள் கேட்கும் படிவத்தில் தனியே பெற வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் மையப் பட்டியலில் உள்ளனர். இதனை அறியாது பொதுப் பிரிவில் விண்ணப்பித்து, இருந்த சலுகையையும் இழந்தோரை நாம் கண்டிருக்கிறோம்.

சிறுபான்மை மாணவர் ஆய்வுக்கென மௌலானா ஆசாத் பெயரால் 2009இல் ஓர் உதவித் தொகை தொடங்கப்பட்டது; 2022-23 முதல் அது நிறுத்தப்பட்டது. நிறுத்தியதைக் கண்டித்துக் கூட்டங்கள் போட்டோம், போட வேண்டியதுதான். ஆனால் அது வழங்கப்பட்ட ஆண்டுகளில் நம் வட்டாரத்திலிருந்து விண்ணப்பித்தவர் எத்தனை பேர் என்று ஒரு கூட்டத்தில் கேட்டபோது மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இருந்த செய்தி எட்டாதவர்க்கு, நின்ற செய்தி மட்டும் எட்டியது.

நம் கல்வி விழாக்களில் ஜாபிர் இப்னு ஹய்யான் பெயர் ஒலிக்காத மேடை அரிது. வேதியியலின் தந்தை நம்மவர் என்பதில் நமக்கு அளவற்ற பெருமிதம். அவர் பெயரால் வழங்கும் நூல்கள் அனைத்தும் அவர் ஒருவரே இயற்றியவை அல்ல என்பது ஆய்வாளர் கருத்து, அது நிற்க. 'ஆல்கலி' என்ற சொல் 'அல்கலீ' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் உப்பங்கழிகளில் வளரும் உமரி போன்ற செடிகளை எரித்த சாம்பலைக் குறித்தது. இத்தகைய செய்திகளை மாணவர்க்குச் சொல்வதில் எமக்கும் இன்பமுண்டு. ஆயினும் ஜாபிரை அறிந்த மேடை 'ஜாம்' தேர்வை அறியாதிருப்பது எவ்வகையில் பொருந்தும்?

2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் உமர் யாகி. இனி அவர் பெயரும் நம் மேடைகளில் ஒலிக்கும். ஜோர்தானின் அம்மான் நகரில், பாலஸ்தீன ஏதிலியர் குடும்பத்தில் 1965இல் பிறந்தவர். தாயார் எழுதப் படிக்க அறியாதவர். பத்து வயதில், வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பள்ளி நூலகம் ஒருநாள் திறந்திருக்கக் கண்டு உள்ளே நுழைந்த சிறுவன், ஒரு நூலில் மூலக்கூறுகளின் படங்களைப் பார்த்தான். பதினைந்து வயதில் அமெரிக்கா சென்று, சிறியதொரு சமுதாயக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கினார். உலோக அணுக்களையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து அவர் எழுப்பிய நுண்துளைக் கட்டமைப்பு ஒன்றில், ஓரிரு கிராம் பொருளுக்குள் ஒரு கால்பந்துத் திடலளவு உட்பரப்பு அடங்கும். பாலைவனக் காற்றிலிருந்து நீரை ஈர்த்தெடுக்கவும் இவ்வகைப் பொருள்கள் உதவுகின்றன. பெருமைகொள்வோம், எனினும் அந்த வரலாற்றில் எம் கண் நிலைப்பது பரிசின்மீதன்று, அன்று பூட்டாதிருந்த அந்தக் கதவின்மீது.

பாலாற்றுக் கரையில் வாழும் நமக்கு வேதியியல் அயலான கலையுமன்று. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள் நம் முன்னோர். பின்னர்க் குரோமியம் சல்பேட் வந்தது. தோல் ஏற்காது விட்ட குரோமியமும் உப்பும் நிலத்தடி நீரில் கலந்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, கழிவுநீரைச் சுத்திகரித்தல் என்பது தொழிலின் தவிர்க்கலாகாத பகுதி என்பதைப் பலரும் உணர்ந்தனர். நாம் வேதியியலால் வயிறு வளர்த்தோம், வேதியியலால் கிணற்றையும் இழந்தோம். வேதியியலைக் கற்க மட்டும் பிள்ளைகளை அனுப்பவில்லை. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நமக்கு எத்தனை மணி நேரப் பயணத் தொலைவு? காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் ஈந்தார். அது போல் ஈவோர் நம்மிடையேயும் உளர். அவர்களிடம் இன்று வேண்டுவது நிலமன்று. விண்ணப்பக் கட்டணம், இரயில் பயணச் சீட்டு, தேர்வு மையம் உள்ள ஊரில் ஓர் இரவு தங்க இடம், இவ்வளவே.

வேதியியல் துறை நண்பர்கள் எம்மோடு ஒரு கருத்தில் மாறுபடுவர். தேர்வும் ஆய்வும் ஆங்கிலத்தில் நிகழும்போது அறிவிப்பைத் தமிழில் எழுதுவது மாணவரைச் சோம்பேறியாக்கும் என்பர். தேர்வு ஆங்கிலத்தில் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இசைவு தரும் தாய்க்கும் தந்தைக்கும் தேர்வில்லையே! அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில்தான் சொல்ல வேண்டும். தமிழால் இயலாதென்பதும் இல்லை. சாமுவேல் கிரீன் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற தமிழ் நூல் 1875லேயே அச்சேறியது. வேதியியல் என்ற சொல்லே ஒன்றை மற்றொன்றாய் மாற்றுதல் என்ற பொருள்படும் 'வேதித்தல்' என்னும் பழஞ்சொல்லின் அடியாகப் பிறந்ததுதான். வேதத்தோடு தொடர்புடையதென்று எழுதும் மாணவர் ஆண்டுக்கு இருவரேனும் எமக்குக் கிடைக்கின்றனர்.

பெண் பிள்ளையை இரண்டு மாதம் வேற்றூருக்கு எவ்வாறு அனுப்புவது என்ற கேள்வியை நாம் எளிதாகத் தள்ளவில்லை. எமக்கும் மகள் உண்டு. எனினும் பெங்களூரிலும் சென்னையிலும் எம் கல்லூரியின் பழைய மாணவியர் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்கள் முகவரியைத் தொகுத்து, தங்குமிடத்துக்கு அவர்களைப் பொறுப்பாக்குவது பழைய மாணவர் சங்கத்தால் இயலாத செயலா? ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் திருமணச் செய்தி வாசிக்கிறோம், தொலைந்துபோன சாவிக்கொத்தையும் அறிவிக்கிறோம். அங்கே, 'இன்ன தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் பதினைந்து நாட்களே உள்ளன' என்ற ஒரு வரியையும் சேர்த்து வாசிக்க ஜமாஅத் பெரியோர் இசைய வேண்டுகிறோம்.

எம் துறை தன் பங்கைத் தொடங்கிவிட்டது. வேதியியல் துறைக்கு வரும் ஒவ்வோர் அறிவிப்பையும் இரண்டாமாண்டு மாணவர் தமிழாக்குவதே இனி மொழிபெயர்ப்புப் பயிற்சி. திருத்தியபின் அதனை ஆங்கிலத் தாளுக்கு அருகிலேயே ஒட்டுவோம். 'யார் விண்ணப்பிக்கலாம், எந்நாளுக்குள், நீங்கள் தர வேண்டியது என்ன, உங்களுக்குத் தருவது என்ன' என்ற நான்கும் முதல் வரிகளில் இருக்கும். இரண்டாவது பலகை மாட்டச் சுவரில் இடம் கேட்டு முதல்வர் அவர்களிடம் விண்ணப்பம் அளித்துள்ளோம். அதுவரை, தமிழ்த்துறைக் கதவின் உட்புறம் காலியாக உள்ளது. அம்மாணவி எழுதிய முதல் தாள், இம்முறை இறுதி நாளுக்கு நாற்பது நாட்கள் முன்னதாக, அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது.