டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாத எண்

மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வருகிறவரைப் பார்த்து, கண்டம் தாண்டியாயிற்று என்று ஊரே ஆறுதல் சொல்கிறது. கை கால் வருகிறதா, பேச்சு தெளிகிறதா என்பதிலேயே வீட்டாரின் கவனம் நிற்கிறது. கசிவுக்குக் காரணமான பிரஷரோ, முதல் மாத மாத்திரை தீர்ந்ததும் பேச்சிலிருந்தே நழுவிவிடுகிறது. இதை அலட்சியம் என்று குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அழுத்தம் எந்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில், ஒரு எண்ணாக எழுதிக் கொடுத்து அனுப்பினோமா என்பதே முதல் கேள்வி.

அந்த எண் 130/80. அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கசிவிலிருந்து மீண்டவர்களுக்கு நீண்டகால இலக்காக இதைத்தான் வைக்கிறது. மருத்துவமனையில் முதல் சில மணி நேரங்களில் பேசப்படும் கணக்கு வேறு. அங்கே மேல் அளவை 140ஐ ஒட்டிக் கொண்டுவருவதே நோக்கம். 2016இல் வெளியான அட்டாக்-2 ஆய்வில் அதற்கும் கீழே வேகமாக இறக்கிப் பார்த்தார்கள். கூடுதல் பலன் கிடைக்கவில்லை, சிறுநீரகத் தொல்லைகள்தான் கூடின. 2023இல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வு இந்தியா, இலங்கை உள்ளிட்ட 10 நாடுகளில் 7,000க்கும் அதிகமானோரிடம் நடந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மேல் அளவை 140க்குக் கீழே கொண்டுவருவதோடு சர்க்கரை, காய்ச்சல், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் விளைவு ஆகியவற்றையும் சேர்த்துக் கவனித்தபோது நோயாளிகள் மேலான நிலையில் மீண்டார்கள். அவசர நேரத்தில் நிதானம், அதன் பிறகான மாதங்களில் விடாப்பிடி என்று இரண்டுக்கும் வெவ்வேறு நியாயம் இருக்கிறது. இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் நாம் கைவிட்டுவிடுகிறோம்.

கைவிடுவதன் விலை என்ன என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கசிவிலிருந்து பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. மூளையின் ஆழத்தில் கசிவு ஏற்பட்டவர்களில், அழுத்தம் கட்டுக்குள் இருந்தோருக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 27 என்ற வீதத்தில் மறுகசிவு வந்தது. கட்டுக்குள் இல்லாதோருக்கு அது 52. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய கசிவிலும் 49, 84 என்று அதே போக்கு. ஒழுங்காக மாத்திரை போடுகிறவர் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவராக இருக்கலாமே, பலன் மாத்திரையால்தான் என்று எப்படிச் சொல்வது? சரியான கேள்விதான். அதற்குப் பதில், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்த புராகிரஸ் ஆய்வில் இருக்கிறது. பக்கவாதம் கண்ட 6,105 பேரிடம் நடந்து 2001இல் வெளியான அந்த ஆய்வில், பெரிண்டோபிரில், இண்டபமைடு மருந்துகளை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை மூளைக்கசிவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. மேல் அளவில் சராசரியாக இறங்கியது வெறும் 9 புள்ளிதான்.

வயதானவருக்கு இவ்வளவு குறைத்தால் தலைசுற்றி விழுந்துவிடமாட்டாரா என்று பிள்ளைகள் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. அதனால்தான் மருந்தை வாரக்கணக்கில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். உட்கார்ந்த நிலையில் மட்டுமல்லாமல் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளக்க வேண்டும். மயக்கம் வந்தால் மருத்துவரைக் கேட்டு அளவையோ மருந்தையோ மாற்றலாம், தாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்ற பேச்சு இதைவிடக் கேடானது. பல ஆண்டுகள் கட்டுப்படாமல் கிடக்கும் பிரஷர்தான் சிறுநீரகத்தை அரிக்கிறது. தலைவலி இல்லை, அதனால் பிரஷரும் இல்லை என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. மூளையின் ஆழத்தில் உள்ள நுண்ணிய தமனிகளின் சுவர், எந்த வலியும் காட்டாமலேயே ஆண்டுக்கணக்கில் நைந்துபோகிறது. கையில் பட்டை கட்டி அளந்தால்தான் தெரியும். காலையிலும் மாலையிலும், காபி குடிப்பதற்கு முன், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து அளந்து ஒரு நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த முறை மருத்துவர் எதை மாற்றுவது என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவெடுக்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைப்பது மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல.

இதற்கெல்லாம் புதுக் கட்டடம் ஒன்றும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மூளைக்கசிவிலிருந்து திரும்பியவர்களை மற்ற பிரஷர்காரர்களோடு ஒரே வரிசையில் வைக்காமல், மாவட்ட மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே அவர்கள் பெயர் அந்த ஊர் சுகாதாரப் பணியாளருக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் மாத மாத்திரை தீருவதற்கு முன் ஒருவர் கருவியோடு அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சீட்டின் மேல்பகுதியில் பெரிய எழுத்தில், '130/80க்குக் கீழே' என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும்.